நார்த் பிளாட்டில் வண்டியை நிறுத்தலாமா?

கேள்வி: 2024 மே 11

ஜூன் கடைசியில் டென்வரிலிருந்து ஒமாஹாவுக்குக் காரில் போகிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் பாதி வழியில் நார்த் பிளாட் என்று ஒரு ஊர். நெப்ராஸ்காவில் சோளக்காட்டைத் தவிர ஒன்றும் கிடையாது, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இரு என்கிறார்கள் நண்பர்கள். ரயில் யார்டு ஒன்று இருக்கிறதாம். தங்க ஆணி அடித்த இடம் அதுதானா? இரண்டு மணி நேரம் செலவழிக்கலாமா?

மே 11, இரவு

இரண்டு மணி நேரம் போதாது. அரை நாள் ஒதுக்குங்கள்.

தங்க ஆணி என்பது அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் முதல் ரயில்பாதையின் இரண்டு பக்கமும் சேர்ந்தபோது அடித்த கடைசி ஆணி. அதை அடித்தது அங்கே இல்லை. அது யூட்டாவில், பிராமன்டரி சம்மிட், 1869 மே 10. நார்த் பிளாட்டில் இருப்பது கோல்டன் ஸ்பைக் டவர், 2008-இல் திறந்த எட்டு மாடிக் கோபுரம். அதன் பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. மேலே ஏறினால் தெரிவது யூனியன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பெய்லி யார்டு. கூட்ஸ் வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டுகளில் உலகத்திலேயே பெரியது. 2,850 ஏக்கர், 8 மைல் நீளம், உள்ளே 315 மைல் தண்டவாளம்.

டென்வரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். ஒகலாலா தாண்டி லிங்கன் கவுண்டிக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். மவுன்டன் நேரம் முடிந்து சென்ட்ரல் நேரம். முதல் தடவை எனக்கு இது உறைக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன், கோபுரக் கதவு பூட்டியிருந்தது. வேலியோரம் நின்று இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். இந்த நேர மண்டலங்களையே அமெரிக்காவில் கொண்டுவந்தது ரயில்வேக்காரர்கள்தான், 1883 நவம்பர் 18 அன்று. அதற்கு முன் ஊருக்கு ஒரு நேரம்.

மே 12

யார்டைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன், ஏனென்றால் என் அப்பா ஜோலார்பேட்டையில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அதற்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுபவராக, இருந்தவர். வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் சத்தத்தில் தூங்கிப் பழகிய வீடு எங்களுடையது.

கோபுரத்தின் ஏழாவது மாடி திறந்தவெளி, எட்டாவது மாடி கண்ணாடி போட்டது. குளிர்காலமானால் எட்டு, மற்ற நாட்களில் ஏழுக்குப் போங்கள். சத்தம் கேட்காமல் யார்டைப் பார்ப்பதில் பாதிதான் இருக்கிறது.

கீழே இரண்டு மேடுகள் இருக்கின்றன. ஹம்ப் என்பார்கள். கிழக்கே போகும் வேகன்களுக்கு ஒன்று, 34 அடி உயரம். மேற்கே போவதற்கு இன்னொன்று, 20 அடி. இன்ஜின் ஒரு முழு வண்டியைப் பின்னாலிருந்து மெதுவாக மேட்டின் மேல் தள்ளும். உச்சியில் வேகன்களைக் கோத்திருக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் இன்ஜினுக்கு வேலை இல்லை. வேகன் தன் எடையில் தானே இறங்கும். வழியில் ரிட்டார்டர் என்ற இரும்புத் தாடை சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து வேகத்தைக் குறைக்கும். எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் உருள வேண்டும் என்று பார்த்து அந்தப் பிடியின் அழுத்தம் மாறும். பாயிண்ட்டுகள் தானாகத் திரும்பி ஒவ்வொரு வேகனையும் அது போக வேண்டிய லைனில் சேர்க்கும். எதிர்முனையில் நிற்கும் வேகனோடு மோதி கப்ளிங் விழும் அந்த ஓசை இருக்கிறதே, அதற்காகவே ஏழாவது மாடி.

நாளுக்குச் சுமார் 10,000 வேகன்களைக் கையாளும் யார்டு என்று பதிவாகியிருக்கிறது. அவற்றில் 3,000 வரை இந்த மேடுகளில் ஏறிப் பிரிபடும். மீதி நிற்காமல் கடக்கும் முழு வண்டிகள். வையோமிங் நிலக்கரி இந்த வழியாகத்தான் கிழக்கே போகிறது.

கோபுரத்தில் யூனியன் பசிபிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நின்று விளக்கம் சொல்வார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அப்பாவின் வேலையைச் சொன்னதும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை லாம்பைக் காட்டி இன்ஜினை நிறுத்தும் சைகையை அவர் ஒரு தடவை செய்து காட்டினார், அப்பா செய்வதை நினைத்து நான் ஒரு தடவை செய்து காட்டினேன்.

மே 13

குழந்தைகள் இருந்தால் யார்டைவிட கோடி பார்க் பிடிக்கும். ஊருக்கு வடக்கே, ஆற்றோரம். சேலஞ்சர் 3977 என்ற நீராவி இன்ஜின் நிற்கிறது. 4-6-6-4 சக்கர அமைப்பு, இரண்டு இன்ஜின்களை ஒரே பாய்லரின் கீழ் கோத்த மாதிரி. சேலஞ்சர் வகையில் இன்று உலகில் மிஞ்சியவை இரண்டே இரண்டு, அதில் ஒன்று இது. பக்கத்திலேயே 6922 எண்ணுள்ள டீசல், 98 அடி நீளம், 6,600 குதிரைச் சக்தி. 1969 முதல் 1971 வரை 47 மட்டும் செய்தார்கள்.

மே 17

கேட்டவர் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். யார்டை முதலில் சொன்னது தப்போ என்று தோன்றுகிறது. அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது இப்போது இல்லாத ஒரு கட்டடம்.

அதற்கு ஊர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். 1866-இல் யூனியன் பசிபிக் ஒமாஹாவிலிருந்து மேற்கே லைன் போட்டுக்கொண்டே வந்தது. தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், இரண்டு பிளாட் ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே ஊருக்கு அளந்து கோடு போட்டார். அந்தக் குளிர்காலம் லைன் அங்கேயே நின்றது. கூலிக்காரர்கள், சாராயக் கடை, சூதாட்டம், கூடாரம் எல்லாம் சேர்ந்து திடீரென்று ஒரு பெரிய ஊர். 1867-இல் லைன் ஜூல்ஸ்பர்க்குக்கு நகர்ந்ததும் கூட்டம் கடையையும் கூடாரத்தையும் கழற்றிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. சில நூறு பேர் மிச்சம்.

அப்படிப் போன ஊர்கள் நிறைய. இந்த ஊர் தப்பியதற்குக் காரணம் நீராவி இன்ஜின். அதற்குத் தண்ணீர் வேண்டும், எண்ணெய் போட வேண்டும், டிரைவரும் ஃபயர்மேனும் மாற வேண்டும். யூனியன் பசிபிக் இங்கே லோகோ ஷெட்டும் பட்டறையும் வைத்தது. எந்த வண்டியானாலும் நார்த் பிளாட்டில் பத்து நிமிடம் நின்றே ஆக வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் ஊரின் சொத்து.

இப்போது 1941 டிசம்பருக்கு வாருங்கள். பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிப் பத்து நாள். டிசம்பர் 17 அன்று நெப்ராஸ்காவின் 'டி கம்பெனி' என்ற ராணுவப் பிரிவின் பையன்கள் வரும் வண்டி ஊர் வழியாகப் போகிறது என்று பேச்சுப் பரவியது. பெற்றோர், உறவினர் எல்லோரும் கிறிஸ்துமஸ் பொட்டலங்களோடு ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. உள்ளே இருந்தவர்களும் டி கம்பெனிதான், ஆனால் கான்சாஸ்காரர்கள். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, கொண்டுவந்ததை எல்லாம் அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண். அவருடைய சகோதரர் நெப்ராஸ்கா கம்பெனியில் இருந்தார். மறுநாளே உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: ஒவ்வொரு படை வண்டிக்கும் இதையே ஏன் செய்யக்கூடாது? டிசம்பர் 25 அன்று ஸ்டேஷனிலேயே நார்த் பிளாட் கேன்டீன் ஆரம்பித்தது. 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. 51 மாதம்.

வண்டி நிற்கும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பையன்கள் இறங்கி ஓடிவருவார்கள். சாண்ட்விச், அவித்த முட்டை, காபி, கேக், பத்திரிகை, சிகரெட். ஒரு பியானோ. யாருக்காவது அன்று பிறந்தநாள் என்றால் முழுக் கேக். எதற்கும் காசு கிடையாது. நாளுக்கு 3,000 முதல் 5,000 பேர். மொத்தம் 60 லட்சம் பேருக்கு மேல்.

ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் 12,000. தனியாகச் செய்திருக்கவே முடியாது. சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள் முறை வைத்து வந்தன. கொலராடோ எல்லையைத் தாண்டியும் வந்தார்கள். 55,000 பேர் கை கொடுத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சர்க்கரையும் காபியும் பெட்ரோலும் ரேஷனில் இருந்த காலம். கூப்பன்களைச் சேர்த்துவைத்துக் கேக் செய்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கால்நடை ஏலத்தில் தான் போட்டிருந்த சட்டையையே கழற்றி ஏலம் விட்டுப் பணம் கொடுத்தான். அரசாங்கத்திடமிருந்து வந்தது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அனுப்பிய 5 டாலர் மட்டும்.

1971-இல் அந்த ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள்.

மே 18

திருத்தம். நேற்றைய கடைசி வரி தவறு. 1971-இல் நின்றது பயணிகள் வண்டி. நாட்டின் பயணிகள் வண்டிகளை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனம் பொறுப்பேற்றபோது இந்தத் தடத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் கட்டடத்தை இடித்தது 1973-இல். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இப்போது நினைவுக்கல் இருக்கிறது, கொடிக்கம்பம் இருக்கிறது. கேன்டீனில் மிஞ்சிய பொருட்களும் படங்களும் லிங்கன் கவுண்டி வரலாற்று அருங்காட்சியகத்தில். பழைய ஸ்டேஷன் ஒன்றையும் கோட்டைக் காலத்து மரவீட்டையும் அதன் வளாகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்தைக் கேன்டீனுக்குக் கொடுத்தவரைச் சொல்ல விட்டுப்போனது. அப்போது யூனியன் பசிபிக்கின் தலைவராக இருந்த வில்லியம் ஜெஃபர்ஸ். அவர் இதே ஊரில் பிறந்தவர். கால்பாயாக வேலைக்குச் சேர்ந்தவர், அதாவது டிரைவர்களின் வீட்டுக்கு ஓடி எழுப்பிவிட்டு டியூட்டிக்கு அழைத்துவரும் பையன். எங்கள் ரயில்வே காலனியிலும் ராத்திரி கதவு தட்ட ஒரு கால்பாய் வருவார், அதனால் அந்தச் சொல்லைப் படித்ததும் நின்றுவிட்டேன். அங்கிருந்து 1937-இல் கம்பெனித் தலைவர்.

ரே வில்சனைப் பற்றியும். சில மாதங்களிலேயே உடல்நிலை கெட்டு கலிஃபோர்னியா போய்விட்டார். மீதி நாலு வருஷம் நடத்தியது ஹெலன் கிறைஸ்ட். நினைவுகளில் ஆரம்பித்தவரின் பெயர்தான் தங்குகிறது. தினமும் எத்தனை ரொட்டி வரும், எத்தனை வண்டி வரும் என்று கணக்குப் போட்டவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மே 24

"பஃபலோ பில்லின் ஊராயிற்றே, அவரை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர். சரிதான்.

பஃபலோ பில் என்பது வில்லியம் கோடியின் பட்டப்பெயர். வைல்டு வெஸ்ட் என்ற கௌபாய்க் காட்சியால் பேர் பெற்றவர். அவருடைய பண்ணை வீடு, ஸ்கவுட்ஸ் ரெஸ்ட் ராஞ்ச், இப்போது மாநில வரலாற்றுப் பூங்கா. வீடு 1886, தொழுவம் 1887. 4,000 ஏக்கர் வைத்திருந்தார். அவர் ஊர் ஊராகக் காட்சி நடத்திக்கொண்டிருக்க, பண்ணையைப் பார்த்துக்கொண்டது அக்கா ஜூலியாவும் அவர் கணவரும். வீட்டைவிட தொழுவம்தான் அழகு. கூரை விளிம்பைத் தாங்கும் மரங்களைத் துப்பாக்கிக் கட்டை வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். கூரைமேல் பண்ணையின் பெயரை ரயிலில் போகிறவர்கள் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதினார்கள். விளம்பரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1882 ஜூலை 4 அன்று இந்த ஊரில் அவர் நடத்திய விழாவிலிருந்துதான் ரோடியோ என்ற கௌபாய்ப் போட்டியும் அவருடைய வைல்டு வெஸ்ட் காட்சியும் முளைத்தன என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மறு வருஷமே, 1883 மே மாதம், ஒமாஹாவில் முதல் காட்சி. 1911-இல் பண்ணையை விற்றுவிட்டார். 1917-இல் டென்வரில் இறந்தார். அவருடைய சமாதி டென்வருக்கு மேற்கே லுக்அவுட் மலையில் இருக்கிறது. நீங்கள் கிளம்பும் ஊரில் சமாதி, பாதி வழியில் வீடு.

நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஃபோர்ட் கோடி என்ற கடை. நினைவுப் பொருள் விற்கும் கடைதான். ஆனால் உள்ளே, பொம்மையாகச் செதுக்கிய வைல்டு வெஸ்ட் காட்சி ஒன்று ஓடுகிறது, 20,000 துண்டுகள். பிள்ளைகளோடு பத்து நிமிடம் நிற்கலாம்.

மே 25

நேற்று எழுதியதைப் படித்தால் கொண்டாட்டமாக இருக்கிறது. அப்படியே விட மனமில்லை.

கோடிக்குப் பஃபலோ பில் என்ற பெயர் வந்தது கான்சாசில் ரயில்பாதை போட்டவர்களின் சாப்பாட்டுக்குக் காட்டெருமை சுட்டுப் போட்டதால். பதினெட்டு மாதத்தில் 4,280 என்று அவரே கணக்குச் சொன்னார். 1872 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் அலெக்சிஸ் எருமை வேட்டைக்கு ரயிலில் வந்து இறங்கியதும் நார்த் பிளாட்டில்தான். ஜெனரல் ஷெரிடன், கஸ்டர், கோடி எல்லோரும் கூட. லகோட்டா பழங்குடித் தலைவர் ஸ்பாட்டட் டெய்ல் தன் மக்களோடு வந்து முகாமில் சேர்ந்தார். எருமைதான் அவர்களுடைய சாப்பாடு, கூடாரம், உடுப்பு. கொஞ்ச வருஷத்தில் அந்தச் சமவெளியில் எருமை இல்லை, அவர்களும் அரசாங்கம் ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்துக்குள்.

கிழக்கே மேக்ஸ்வெல் அருகே ஃபோர்ட் மெக்பர்சன் தேசியக் கல்லறை இருக்கிறது, 1873-இல் ஏற்பட்டது. 1854-இல் ஒரு மாட்டுக்காக வந்த தகராறில் லகோட்டாக்களோடு மோதி இறந்த கிராட்டன் படையினரை இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். கறுப்பினப் படைப்பிரிவு வீரர்களும் இருக்கிறார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கல். பண்ணை வீட்டைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்த்துவிடுங்கள்.

ஜூன் 1

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

1929 ஜூலையில் நார்த் பிளாட்டில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகச் சொல்லப்பட்ட கறுப்பின மனிதரும் அன்றே இறந்தார். அதோடு நிற்கவில்லை. வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் ஊரை விட்டுப் போகச் சொன்னது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயிலிலும் காரிலும் நடந்தும் போனார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஊர், அதே ஸ்டேஷன், முகம் தெரியாத பையன்களுக்கு முட்டை அவித்துக் கொடுத்தது. கேன்டீனில் கறுப்பின வீரர்களுக்கும் பரிமாறினார்கள். இந்த இரண்டையும் எப்படிப் பக்கத்தில் வைப்பது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்று மற்றதை அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேன்டீன் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ரயிலேறிப் போன அந்தக் குடும்பங்களை இரண்டாவது தடவை அனுப்பிவைப்பதாகிவிடும் என்று பயம். அதனால் எழுதினேன்.

ஜூன் 2

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் ஏன் போக வேண்டும்" என்று கேட்டவருக்கு: அதனால்தான் போக வேண்டும்.

ஜூன் 9

பயணம் நெருங்குகிறது, எப்படிச் சுற்றினால் வசதி என்று சொல்கிறேன். டென்வரிலிருந்து காலையிலேயே கிளம்பினால் நாலு மணி நேரம், அதோடு போகும் ஒரு மணி நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதும் ஸ்டேஷன் இருந்த இடம். அங்கே சும்மா நில்லுங்கள், பக்கத்திலேயே கூட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அருங்காட்சியகம். பண்ணை வீடு அதற்குப் பக்கத்திலேயே. கோபுரம் கடைசியாக, மேற்கு வெயில் சாயும்போது தண்டவாளம் முழுக்க மின்னும். கல்லறை மறுநாள் ஒமாஹா போகும் வழியில்.

ஆற்றையும் பாருங்கள். 'பிளாட்' என்றால் பிரெஞ்சில் தட்டை. ஓட்டோ பழங்குடி மக்கள் மொழியிலும் 'தட்டையான நீர்' என்றுதான் பெயர், அதுதான் நெப்ராஸ்கா ஆனது. ஜூனில் மணல் திட்டுதான் நிறையத் தெரியும். மார்ச்சில் வந்தால் சாண்ட்ஹில் கொக்குகள்.

கேன்டீன் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் ஆர்கன்சா தேசியக் காவற்படையினர் சுமார் 700 பேர் பஸ்களில் இந்த ஊர் வழியாகத் திரும்பியபோது ஊரார் திரண்டு வந்து சாப்பாடு போட்டார்கள்.

ஜூலை 2

கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். கோபுரத்துக்கு நேரத்தில் போய்விட்டார்களாம். அம்மாவுக்கு யார்டு பெரிதாகப் படவில்லை. நினைவுக்கல்லின் முன் ரொம்ப நேரம் நின்றாராம். கல்யாண வீட்டுப் பந்தியெல்லாம் பார்த்தவர், ஒரே கேள்வி கேட்டாராம்: "பத்து நிமிஷத்துல அத்தனை பேருக்கு எப்படிப் பரிமாறுனாங்க? வண்டி எப்ப வரும்னு எப்படித் தெரியும்?"

அம்மாவுக்குப் பதில். நல்ல கேள்வி, நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் படை வண்டியின் நேரம் ரகசியம். அதனால் ஸ்டேஷன்காரர்கள் "காபிப் பாத்திரத்தை வைத்தாயிற்று" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அதைக் கேட்டதும் பெண்கள் கோப்பைகளில் காபியை ஊற்றி மேசையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். சாண்ட்விச் காலையிலேயே தயார், எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். பாப்கார்ன் உருண்டைக்குள் இளம்பெண்கள் தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை வைத்துப் பிடிப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்துக் கடிதம் எழுதி, கல்யாணம் வரை போனவர்களும் உண்டு.

காயம்பட்டவர்களை ஏற்றிவரும் ஆஸ்பத்திரி வண்டியும் வரும். அதிலிருப்பவர்கள் இறங்க முடியாது. அதற்கென்று சில பெண்கள் பிளாட்பாரத்திலேயே பழமும் பத்திரிகையும் தீப்பெட்டியும் போட்ட கூடைகளோடு நிற்பார்கள். வண்டி நின்றதும் அவற்றைக் கொண்டுபோய் உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள்.